ஏலப்பூவுக்கு ஒரே ஒரு முற்பகல்

"மொதலாளி, இந்தச் சரத்தைப் பாருங்க. பூராவும் மொட்டையா இருக்கு."

ஏலக்காய் எடுக்க வந்த அக்கா செடியின் தூரடியில் உட்கார்ந்தபடியே, பூவும் காயும் பிடிக்கிற சரம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு முழத்துக்கு மேல் நீளம். கணுவுக்குக் கணு பூ வந்து போன தடம் இருந்தது. காம்பு மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காய் என்று எண்ணினால் ஐந்தோ ஆறோ தேறும். பக்கத்துத் தூரிலும் அதே கதை. 2020 ஆகஸ்ட் மாதம் அது, இரண்டாவது எடுப்பு. மே மாதத்திலிருந்து தோட்டம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததை நானே பார்த்துப் பூரித்திருந்தேன். அவ்வளவு பூவும் எங்கே போனது?

எங்களுக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். தோட்டம் மலைக்கு மேலே, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் நடுவில் மூன்று ஏக்கர். மண் இடுக்கி ஜில்லா, ஆட்கள் தேனி மாவட்டம். விடியற்காலையில் ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவார்கள், சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். காயும் அப்படித்தான். மேலே விளைந்து, மேலேயே ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடம்) காய்ந்து, கீழே போடிக்கு ஏல விற்பனைக்கு வரும்.

2017இல் அப்பா தவறிய பிறகு தோட்டம் என் கைக்கு வந்தது. அதுவரை நான் மதுரையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தவன். ஏலச்செடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லீவுக்கு வந்தபோது பார்த்ததுதான். 2018இல் பெருமழை, மண்சரிவு, பாதி சரம் அழுகிப்போனது. அடுத்த வருடம் நேர் எதிர். காய் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் தொட்டது. அந்த விலையைப் பார்த்த யாருக்கும் புத்தி நிதானத்தில் நிற்காது. எனக்கும் நிற்கவில்லை. ஒரு காய்கூடச் சொறி விழக்கூடாது, ஒரு தண்டுகூடத் துளைப்பான் புழு தின்னக்கூடாது என்று, டவுனில் ஒரு மருந்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூச்சிமருந்து அடித்தேன். "காலையில காத்து இருக்காது, மருந்து வீணாகாது, ஆள் வந்ததும் அடிச்சிருங்க" என்றார். ஜீப் ஏழரைக்கு வரும். எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். பத்து, பத்தரைக்குள் முதல் ஏக்கர் முடிந்துவிடும்.

அந்த எட்டு மணிதான் வினை என்று புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

முதலில் உரம் போதவில்லை என்று நினைத்தேன். போட்டேன். போரான் குறை என்றார்கள். அடித்தேன். பூ நிற்க ஒரு டானிக் என்று கொடுத்தார்கள். அதையும் அடித்தேன், அதுவும் காலை எட்டு மணிக்கு. அழுகலாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, பூஞ்சணத்துக்கு அடிக்கும் போர்டோ கலவையும் போட்டாயிற்று. இப்போது யாராவது என்னிடம் "பூ நிக்கல" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, பூவாகவே விழுகிறதா, காயாகி விழுகிறதா என்பதுதான். அழுகலில் காய் நீர் கோத்துப் பழுப்பேறிக் கருமை தட்டி, தொட்டால் கையோடு வரும், நாற்றமும் இருக்கும். இலைப்பேன் என்ற சிறு பூச்சி கடித்த காய் பெரும்பாலும் சரத்திலேயே சொறியோடு நிற்கும். ஆனால் மகரந்தம் சேராத பூ சத்தமில்லாமல் போகும். அன்று சாயங்காலமே வாடி, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்து, வெறும் காம்பு மிஞ்சும். அந்த அக்கா தூக்கிக் காட்டிய சரத்தில் இருந்தது வெறும் காம்புதான். கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் படிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துப்பு கிடைத்தது ஒரு சண்டையில். காய் எடுக்கும் பெண்களுக்குத் தினக்கூலி போக, குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசு உண்டு. தினமும் காலையில் மேல் வரிசைக்கு யார் போவது என்று அவர்களுக்குள் தகராறு. "நேத்தும் அவதான் மேல போனா, இன்னைக்கு நான்" என்பார்கள். மேல் வரிசை என்பது சோலையை ஒட்டிய பகுதி. மதிகெட்டான் சோலைக்காடு எங்களுக்கு அதிக தூரமில்லை. அதன் விளிம்பாக நீளும் மரக்கூட்டம் ஒன்று எங்கள் மேல் வேலியில் வந்து முட்டும். தோட்டக்காரர்களுக்குப் பொதுவாக அந்தப் பக்கம் பிடிக்காது. யானை வருவதே அந்த வழியில்தான். நிலத்துக்கு விலை பேசும்போதுகூட மேல் பகுதியைக் குறைத்துத்தான் மதிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போட்டி?

கங்காணி அண்ணனிடம் கேட்டேன். நாற்பது வருடம் மலையில் இருப்பவர். "அங்கதான சரம் நெறஞ்சு கெடக்கு. கீழ என்ன இருக்கு?" என்றார். "ஏன் அங்க மட்டும்?" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரு இருந்தப்ப தோட்டமே இரையும் தம்பி. இப்ப மேலதான் இரையுது" என்றார்.

மறுநாள் காலை ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நடு வரிசையில் ஒரு தூருக்கு முன்னால் எட்டு மணியிலிருந்து இருபது நிமிடம். ஒரு தேனீ வரவில்லை. ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது, சுற்றிவிட்டுப் போனது. எறும்பு ஊர்ந்தது. பிறகு மேல் வரிசைக்குப் போனேன். அங்கே எண்ண முடியவில்லை. நம்ம ஊர் அடுக்குத் தேனீ, பெரிய மலைத்தேனீ, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொசுத்தேனீ மூன்றும் ஒரே சரத்தில் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் போய் உட்காரும்போது அந்த இரைச்சலும் கூடவே நகர்ந்தது.

பூவை அன்றுதான் முதன்முதலாகக் கையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். அதுவரை அது எனக்குக் காய்க்கு முந்தின ஒரு நிலை, அவ்வளவுதான். விரல் கணு அளவு வெள்ளைப் பூ. கீழே உதடு மாதிரி ஒரு இதழ் விரிந்திருக்கும். அதன் நடுவில் ஊதாக் கோடுகள் உள்நோக்கி ஓடும். தேனீ அந்த உதட்டில் இறங்கி, கோட்டைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நுழைக்கும். மேலே மூடி போலக் கவிந்திருக்கும் மகரந்தப்பை அதன் முதுகில் உரசும். சூல்முடி அந்த மகரந்தப்பைக்குச் சற்று மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே பூவில், மயிரிழை தூரத்தில். ஆனாலும் தானாக ஒன்றை ஒன்று தொடாது. காற்றும் தொடவைக்காது, மகரந்தம் பசை மாதிரி ஒட்டும். முதுகில் மகரந்தத்தோடு ஒரு பூச்சி நுழைந்தாக வேண்டும்.

இன்னொன்று. ஏலப்பூ விடிவதற்கு முன்னாலேயே விரிந்துவிடும். மகரந்தம் ஏற்கும் தெம்பு காலையிலிருந்து உச்சிவரைக்கும்தான், சாயங்காலம் வாடிவிடும். அதன் ஆயுசே ஒரு முற்பகல். ஒரு சரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பூதான் விரியும். நாளைக்கு வேறு பூ, நாளை மறுநாள் வேறு. இப்படி மாதக்கணக்கில் போகும். ஆகவே தேனீ வராத ஒவ்வொரு காலையும் அன்றைய பூ முழுவதையும் இழந்த காலை. அடுத்த நாள் வந்து ஈடுகட்ட முடியாது. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் மழை இல்லாத காலை எத்தனை கிடைக்கும்? மழை அடித்தால் தேனீ கூட்டைவிட்டு வராது. வெயில் எட்டிப் பார்க்கிற கொஞ்சக் காலைகளில்தான் எல்லாம் நடந்தாக வேண்டும். நான் அந்தக் காலைகளாகப் பார்த்துத்தான் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன், மழை இல்லையே என்று!

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். 2021 மே மாதம், மேல் வரிசையிலேயே, தேனீ இரைகிற இடத்திலேயே, பத்துச் சரங்களுக்குப் பழைய கொசுவலையை வெட்டிப் பை மாதிரித் தைத்துப் போட்டேன். பக்கத்துப் பத்துச் சரங்களுக்குச் சிவப்பு நூல் மட்டும் கட்டிவிட்டேன். தினமும் விரிகிற பூவை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், வலைக்குள் நூறு பூவுக்குப் பத்துக் காய்கூட நிற்கவில்லை. வெளியே இருந்ததில் பாதிக்கு மேல் நின்றிருந்தது. வலை காற்றைத் தடுத்திருக்கும், ஈரம் தங்கியிருக்கும் என்று யாராவது சொல்வார்கள் என்று, வலைக்குள் இருந்த இரண்டு சரங்களுக்கு நானே தேனீ வேலை பார்த்தேன். ஈர்க்குச்சி நுனியில் துளி பஞ்சு சுற்றி (போடிக்காரன் வீட்டில் இலவம்பஞ்சுக்கா பஞ்சம்) பக்கத்துத் தூரின் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைத்தேன். வைத்த பூவெல்லாம் ஏறக்குறைய நின்றன. செடியில் குறை இல்லை, உரத்தில் குறை இல்லை. வேலையாள் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஆன செலவு ஒரு கிழிந்த கொசுவலை. அதற்கு முந்தின வருடம் டானிக்குக்கு மட்டும் கொடுத்த காசை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

காயின் எண்ணிக்கை மட்டுமில்லை, எடையிலும் வித்தியாசம் வந்தது. நடு வரிசைக் காயை நகத்தால் பிளந்து பார்த்தேன். ஏலக்காய்க்கு உள்ளே மூன்று அறை. மேல் வரிசைக் காயில் மூன்றிலும் அரிசி, அதாவது விதை, நெருக்கியடித்துக் கறுத்திருந்தது. நடு வரிசையில் பல காய்களில் ஓர் அறை ஒட்டிப்போய் வெறும் சவ்வாக இருந்தது. வெளியே பார்த்தால் ஒரு பக்கம் சப்பை. மகரந்தம் எத்தனை சூலில் சேர்கிறதோ அத்தனை அரிசிதான் காய்க்குள். ஸ்டோரில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அரிசி கறுத்த நல்ல கருங்காய் பதத்தில் எடுத்தால் நாலரை, ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ காய்ந்த காய் வரும். எனக்கு அந்த இரண்டு வருடமும் ஐந்தரைக்கு மேல் கேட்டது. ஸ்டோர்க்காரர் திருடுகிறாரோ என்றுகூட மனசில் ஓடியது. பாவம் அவர்.

தேன் பெட்டி வைக்கலாம் என்று முடிவு செய்து மார்த்தாண்டம் பக்கத்து ஒரு அண்ணனிடம் பேசினேன். அந்தப் பக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் தேன் பெட்டி உண்டு. ரப்பர் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அவர்களுக்கு அறுவடைக்காலம். ரப்பரில் தேன் பூவில் இல்லை, இளம் இலைக் காம்பில் சுரக்கும். தேனீ ரப்பருக்கு ஒரு உபகாரமும் செய்யாமல் தேனை மட்டும் வாங்கிக்கொண்டு வரும். அந்த அண்ணன் சொன்னதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து தென் மாவட்டங்களிலும் கேரளாவிலும் அடுக்குத் தேனீ பெட்டி பெட்டியாகச் செத்ததையும், அவர் அப்பா காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்து அழுததையும் சொன்னார். பெட்டி வேண்டும் என்றதும் அவர் வாடகை பேசவில்லை. "மருந்து அடிப்பியளா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ ஒண்ணு மருந்த நிறுத்துங்க, இல்லன்னா அடிக்க நேரத்த மாத்துங்க. அதுக்கப்புறம் பெட்டியப் பத்திப் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

நேரத்தை மாற்றுவது சொல்வதற்குச் சுலபம். மதியம் மூன்று மணிக்கு மேல் அடித்தால் அன்றைய பூ வேலை முடித்து வாடத் தொடங்கியிருக்கும். நாளைய பூ இன்னும் மொட்டாக மூடியிருக்கும், விடியும்போது உள்ளே மருந்து படாமல் விரியும். ஏலத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் எங்கள் ஜீப் நாலு மணிக்கு இறங்கிவிடும். மூன்று மணிக்கு யார் மெஷினைத் தூக்குவார்கள்? மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல்தான் மழையும் பிடிக்கும், அடித்ததெல்லாம் ஓடையில் போகும். கடைசியில் பூப்பாறையிலேயே தங்கியிருக்கும் இரண்டு பேரைத் தனியாகப் பேசிப் பிடித்தேன். கூலி கூடுதல்தான். அதைவிட, அடிக்கிற தடவையைக் குறைத்தேன். பூ வருவதற்கு முன்னாலேயே கவாத்து முடித்துக் காய்ந்த இலைச் சோகையையெல்லாம் உரித்து எடுத்துவிட்டால் இலைப்பேன் ஒளிய இடமில்லை. அது இலையுறைக்குள் இருந்துதான் பெருகுகிறது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்தேன். பூச்சியைப் பார்த்த பிறகே மருந்து, அதுவும் பூச்சி உள்ள பகுதிக்கு மட்டும். வருடத்துக்கு இருபது தடவைக்கு மேல் அடித்த தோட்டத்தில் இப்போது ஏழெட்டுத் தடவை. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. சொறிக்காய் கொஞ்சம் கூடியது உண்மைதான், மறைக்கவில்லை. சொறி விழுந்த காய் ஏலத்தில் குறைந்த விலைக்காவது போகும், உதிர்ந்த பூ போகாது.

2022 ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு பெட்டி வந்தது. அந்த அண்ணன் ஆறு போதும் என்றார். நான்தான் மூன்று ஏக்கருக்குப் பன்னிரண்டு என்று நின்றேன். ஹெக்டேருக்கு நாலு பெட்டி வரை வைப்பது வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அதன்படி எனக்கு ஐந்தே போதும். பெட்டியை ராத்திரி, வாசலை அடைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இறக்க வசதியாக ஜீப் பாதை ஓரத்தில் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தேன். அங்கிருந்து என் தப்புகள் தொடங்கின.

அந்த இடம் பள்ளம். மூடுபனி தங்கும், வெயில் ஒன்பதரைக்குத்தான் எட்டும். பெட்டி சூடேறாமல் தேனீ வெளியே வராது. பூவுக்குக் கிடைக்கும் முற்பகலில் பாதி அங்கேயே போயிற்று. இதைக் கவனித்ததும், நல்ல யோசனை என்று நினைத்து, ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு ஆறு பெட்டிகளைத் தூக்கி நூறடி மேலே வெயில் படும் மேட்டில் வைத்தேன். வெளியே மேயப் போயிருந்த தேனீக்கள் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தன. பெட்டி இல்லை. அவை இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும், பெட்டியை இல்லை. கல்லிலும் புல்லிலும் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தன. மூன்றரைக்கு மழை வந்தது. மறுநாள் காலை அந்தப் புல்லில் நான் பார்த்ததை எழுத வேண்டாம். அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் திட்டவில்லை. "நகத்தணும்னா ஒரு நாளைக்கு ஒரு ரெண்டடி. இல்லன்னா ராத்திரி அடைச்சு, நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் வச்சிட்டுக் கொண்டு வரணும்" என்றார். முன்னமே கேட்டிருக்கலாம்.

ஜூலையில் அடைமழை. பன்னிரண்டு பெட்டிக்கு இரை இல்லை. பூ இருந்தது, வெளியே வர வழியில்லை. ஐந்து பெட்டிகள் ஒரு வாரத்தில் காலியாயின. சாகவில்லை, பெட்டியை விட்டு ஓடிவிட்டன. அடுக்குத் தேனீயின் குணம் அது, பசித்தால் குடி பெயர்ந்துவிடும். விட்டுப்போன அடைகளில் மெழுகுப்புழு பின்னிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து பாகு வைக்கப் பழகினேன். பாகு சாயங்காலம்தான் வைக்க வேண்டும், கீழே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தினால் மறுநாள் பலமான பெட்டி பலவீனமான பெட்டியைக் கொள்ளையடிக்க வந்துவிடும். அதையும் பார்த்தாயிற்று. எறும்புக்குப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் கிண்ணம் தானே நிரம்பும், ஆனால் பக்கத்தில் வளரும் புல் ஒன்று சாய்ந்து பெட்டியைத் தொட்டால் போதும், அதுதான் எறும்புக்குப் பாலம்.

2023இல் ஆறே பெட்டி. இரண்டிரண்டாக மூன்று இடம். கீழும் நடுவும்தான், மேல் வரிசைக்குச் சோலை இருக்கிறது. நிழல் கொஞ்சம் விலகி ஏழு மணிக்கே வெயில் விழுகிற இடம், வாசல் கிழக்கே, முதுகுப்பக்கம் மழைக்காற்றுக்கு மறைப்பு. முதல் பூ விரிந்த பிறகுதான் வைத்தேன். பூ இல்லாத நேரத்தில் வைத்தால் அவை தூரத்தில் வேறு பூவைப் பழகிக்கொண்டு ஏலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஜூனில் ஒரு காலை, கீழ்ப் பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி செத்துக் குவிந்து கிடந்தன. நான் அடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா முந்தின நாள் காலை அடித்திருக்கிறார். தேனீக்கு வேலி தெரியாது, ஒரு கிலோமீட்டர் சாதாரணமாகப் போய்வரும். கோபமாகப் போனேன். வழியில் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து, அந்த வருடமும் வலை போட்டிருந்த சரம் ஒன்றையும் போடாத சரம் ஒன்றையும் அறுத்து எடுத்துக்கொண்டு போனேன். மாமா திண்ணையில் வைத்து இரண்டையும் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "மருந்த விட முடியாதுடா. ஆனா அடிக்கிறதுக்கு மொத நாள் சொல்லி விடுறேன்" என்றார். சொல்லியும் விடுகிறார். அவர் சொன்னால் நான் இருட்டிய பிறகு பெட்டி வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, மறுநாள் சாயங்காலம் திறப்பேன். என் தோட்டத்துக்கு ஒரு நாள் பூ நஷ்டம்தான், ஆனால் பெட்டி பிழைக்கும். இந்த வருடம் அவரும் மதியத்துக்கு மாறிவிட்டார். காரணம் தேனீ இல்லை, காலையில் ஆள் கிடைக்கவில்லையாம். எனக்கு எதுவானாலும் சரி.

பலன்? 2021இல் மூன்று ஏக்கரிலும் சேர்த்து 640 கிலோ காய்ந்த காய். 2023இல் 850. காய் ஐந்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்குக்குத் திரும்பியது. எல்லாம் தேனீயால் என்று சொல்ல மாட்டேன், இரண்டு வருடத்து மழையும் ஒன்றுபோல இல்லை. ஆனால் கூடிய காயில் பெரும்பங்கு நடு வரிசையிலும் கீழ் வரிசையிலும்தான் கூடியது, மேல் வரிசை எப்போதும் போலத்தான். 2024இல் மார்ச், ஏப்ரல் வறட்சியில் இடுக்கி முழுக்க ஏலச்செடி கருகியது. எங்கள் தூர்களில் பாதி காய்ந்தன. தண்ணீர் இல்லாத செடிக்குத் தேனீ என்ன செய்யும்? பெட்டி வாங்கி வைத்தால் விளைச்சல் இரட்டிப்பாகும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே தேனீ இரைகிற தோட்டத்துக்குப் பெட்டியே வேண்டாம், மருந்து நேரத்தை மாற்றினால் போதும்.

பயிருக்குப் பயிர் கணக்கு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே தோட்டத்தில் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்குத் தேனீ பெரிதாகத் தேவையில்லை. மழைத்தண்ணீர் பூத்திரி வழியாக இறங்கும்போதே மகரந்தத்தையும் இறக்கிவிடும். காப்பியில் அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ரொபஸ்டா காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். கீழே தேவாரம் பக்கம் தங்கச்சி மாப்பிள்ளை பூசணி போட்டுவிட்டு, "பிஞ்சு மஞ்சளிச்சு உதிருது, என்ன மருந்து?" என்று கேட்டார். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் பூக்கும்போதே குட்டிக் காய் இருக்கும். மகரந்தம் வராவிட்டால் அது மஞ்சளித்து விழும், நோயில்லை. பூ விடியலில் விரிந்து வெயில் ஏறும் முன் மூடிவிடும். அவர் காலை ஆறு மணிக்கே ஸ்பிரேயர் மாட்டுகிறவர். மருந்து கேட்டவருக்கு மருந்தை நிறுத்தச் சொன்னேன், முகம் சுளித்தார். அவர் கத்தரிக்குத் தேன் பெட்டி வைக்கலாமா என்றும் கேட்டார். கத்தரிப் பூவில் மகரந்தம் உப்பு டப்பா மாதிரி நுனித் துளைக்குள் இருக்கும். சிறகுத் தசையை அதிரவைத்து உதறத் தெரிந்த தச்சன் தேனீ, நீலவளையத் தேனீ போன்றவைதான் அதை இறக்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. உதறத் தெரிந்த அந்தத் தேனீக்கள் மண்ணிலும் காய்ந்த மரத்திலும் தனித்தனியாகக் குடியிருப்பவை, வாடகைக்குக் கிடைக்காது. வரப்பைச் சுரண்டாமல், பட்ட கிளையை எரிக்காமல் விட்டுவைப்பதுதான் அவற்றுக்கு நாம் செய்யக்கூடியது. காட்டில் தானாக முளைத்து நிற்கும் ஏலத்துக்கும் பெரும்பாலும் இப்படிப்பட்ட தனித் தேனீக்கள்தான் வேலை பார்க்கின்றன.

என் வாழ்நாள் வருத்தம் ஒன்று இருக்கிறது. நடு வரிசையில் ஒரு பெரிய நாவல் மரம் நின்றது. அப்பா அதை வெட்டவிடவே இல்லை. கோடையில் ஏலம் பூக்காத மாதங்களில் அது பூக்கும். அதன் உச்சிக் கிளையில் மலைத்தேனீ அடை தொங்கும், அடிப்பொந்தில் கொசுத்தேனீ. நிழல் அதிகம், வெயில் பட்டால் இன்னும் சரம் வரும் என்று 2019இல், அந்த 7000 ரூபாய் வருடத்தில், நான் அதை வெட்டி விறகுக்கு விற்றேன். வந்த காசு ஸ்டோர் விறகுச் செலவுக்குக்கூடக் காணவில்லை. அந்த இடத்தில் இப்போது மூன்று நாவல் கன்று வைத்திருக்கிறேன். இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. பூக்கும்போது நான் இருப்பேனோ என்னவோ. ஸ்டோர் பின்சுவர்க் கல் இடுக்கில் ஒரு கொசுத்தேனீக் கூடு இருக்கிறது. சுவருக்குச் சிமெண்ட் பூச வந்த கொத்தனாரிடம், அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுப் பூசச் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன எடுப்பின்போது காலையில் ஆள் பிரித்துக்கொண்டிருந்தார் கங்காணி அண்ணன். அன்றைக்கு மேல் வரிசை அந்த அக்காவின் முறை. அவர் நகரவில்லை. நடு வரிசையில் போய்க் கூடையை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என்னக்கா, மேல போகலையா?" என்றேன்.

"மேல ஆனை நிக்குதுன்னாங்க. நான் இங்கயே எடுத்துக்கிறேன் மொதலாளி."

மதியம் எடை போட்டபோது அவர் சாக்குதான் முதலில் நிறைந்திருந்தது. மேலே யானை எதுவும் வரவில்லை என்று கங்காணி அண்ணன் பிறகு சொன்னார்.